ஆறரை அடிச் சட்டம்

காலை ஏழு பத்துக்கு அம்மா தச்சுப் பட்டறைக்குள் வந்தாள்.

மூத்தவள் நிமிரவில்லை. இழைப்புளியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் வாயில் அடைத்திருந்த மரச் சுருளைக் குச்சியால் நெம்பிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் பதிவு அலுவலகத்தில், சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தவள் அவள். தம்பி ஒரு கையெழுத்துப் போட்டான். அவளுடைய இடத்தில், வராந்தாவில் வேறு வேலையாக நின்றிருந்த யாரோ ஒருவர் போட்டார். அம்மாவுக்கும் அந்த பஸ் டிரைவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது.

அன்றிலிருந்து அம்மாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீடு மேலே, பட்டறை கீழே. படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் ஒருத்தி சுவரோடு ஒட்டி நிற்பாள். மற்றவள் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கடந்து போவாள்.

இப்போது அம்மாவே இறங்கி வந்திருக்கிறாள். கழுத்தில் தையல் டேப். பேருந்துகளுக்கு சீட் உறை தைக்கிறவள். தூங்கும்போது தவிர அந்த டேப் இறங்காது. இடுப்பில் அகலமான பெல்ட். போன வருடம் முதுகு வட்டு விலகி, எழுந்து உட்காரவே ஆள் தேவைப்பட்ட நாட்களின் மிச்சம்.

"கட்டிலுக்குப் பக்கச் சட்டம் ரெண்டும் மாத்தணும்," என்றாள்.

"எந்தக் கட்டிலுக்கு?"

"என் கட்டிலுக்கு."

"அது அப்பா கட்டில்."

"சரி, அப்பா கட்டிலுக்கு. உள் அளவு ஆறரை அடி. இன்னிக்கே வேணும்."

மூத்தவள் இழைப்புளியை மேஜைமேல் வைத்தாள். வைத்த சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

இன்றைக்கே ஏன் என்று அவள் கேட்கவில்லை. டிரைவர் இன்று பெட்டியோடு வருகிறார். தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தக் கட்டிலின் உள் அளவு ஐந்தே அடி. அப்பா செய்தது. அப்பா குள்ளம். தச்சர்கள் மத்தியில் அவருக்கு 'முக்கால்' என்றுதான் பெயர். கல்யாணமான புதிதில் குடியிருந்த ஒற்றை அறையில் கதவு திறக்க வேண்டுமே என்று, தன் உயரத்துக்கு இரண்டு விரல் கூட்டி, கட்டிலை அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு இந்த வீடு வந்தது, பட்டறை வந்தது. கட்டில் வளரவில்லை. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மா அதில்தான் படுக்கிறாள்.

டிரைவர் ஆறடிக்கு மேல். வாசலில் குனிகிறவர்.

"கால் நீட்ட இடமில்லேன்னா மடக்கிப் படுக்கச் சொல்லு."

"யாரை?"

"வேற யாரை? நெட்டையை."

அம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "மரியாதையாப் பேசு."

"கட்டிக்கிட்டவ நீ. மரியாதையும் நீயே கொடு. எனக்கு அவர் யாரு?"

"யாருமில்ல. அதை நான் கேக்கவே இல்ல. சட்டம் செஞ்சு தர முடியுமா, முடியாதா? முடியாதுன்னா எதிர்க் கடையில சொல்லிடறேன். ஒரு மணி நேரத்துல அடிச்சுக் கொடுத்துடுவான்."

"அவன் மரத்தூளைப் பிசைஞ்சு பலகைன்னு விக்கிறவன்."

"பிசைஞ்சதோ அரைச்சதோ. கேட்டா 'யாருக்கு, எதுக்கு'ன்னு குறுக்கு விசாரணை பண்ண மாட்டான்."

"அப்பா செஞ்ச கட்டில்ல அவன் கை வெச்சா, நான் இந்தப் பட்டறையை இழுத்து மூடிட்டுப் போயிடுவேன்."

"போயேன். எங்க போவே? உனக்குன்னு ஒருத்தனைப் பாத்து வெச்சிருக்கியா?" அம்மா நிறுத்தினாள். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "நீ பண்ணிக்கல. அதுக்காக நானும் பண்ணிக்கக் கூடாதா?"

மூத்தவள் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். அதன் முனையைப் பார்த்தாள். மறுபடியும் காதில் செருகினாள்.

"சாயங்காலத்துக்குள்ள செஞ்சு தர்றேன். நீங்க போங்க."

அம்மாவை அவள் 'நீங்க' என்பது சண்டையில் மட்டும்தான். சண்டை முற்றினால் மட்டும்தான்.

அம்மா படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஜன்னல் பக்கம் அவருக்கு. கதவுப் பக்கம் எனக்கு. போல்ட்டுத் தலை என் முட்டியில இடிக்காத மாதிரி வை."

ஜன்னல் பக்கம் அவருக்கு. மூத்தவள் அதைக் கேட்டுக்கொண்டாள்.

*

பக்கச் சட்டம் என்பது கட்டிலின் முதுகெலும்பு. தலைமாட்டுப் பலகையையும் கால்மாட்டுப் பலகையையும் பிடித்து நிறுத்துவது அதுதான். படுக்கிறவர்களின் பாரம் குறுக்குப் பலகைகள் வழியாக அதில்தான் இறங்குகிறது. ஆறு அங்குல உயரம், ஒன்றரை அங்குலத் தடிமன். அதற்குக் குறைந்தால் நடுவில் தொய்யும்.

முனைகளில் துளைக்குள் செருகும் கழுந்துக்கும் சேர்த்துப் பார்த்தால் ஏழடி நீளம் வேண்டும். அடுக்கில் ஏழடிக்குத் தேக்கு இரண்டே இரண்டுதான் இருந்தது. ஒன்று பழுதில்லாதது. மற்றதில், நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி, விளிம்போரமாக ஒரு கணு. கிளை முளைத்த இடம். சுற்றிலும் கறுப்பு வளையம். செத்த கணு.

அவள் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சின்னவன் வந்தான். மெத்தைக் கடையில் வேலை செய்கிறான். கடை வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு, சாவியை விரலில் சுழற்றியபடி வந்தான்.

"அக்கா, மெத்தை மதியம் வந்துடும். ஆறரைக்கு அஞ்சு. சொல்லி வெச்சு எடுத்தேன்."

"கையெழுத்துப் போட்டே. இப்ப மெத்தையும் போடறே. அடுத்து தாலாட்டும் பாடுவியா?"

"கேட்டாப் பாடறேன். தொண்டை நல்லாத்தான் இருக்கு."

"வெக்கமா இல்ல உனக்கு?"

"இதுல எனக்கு என்ன வெக்கம்? கல்யாணம் பண்ணிக்கிட்டது அவங்க." அவன் மர அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்தான். "நீ அவரை என்னன்னு கூப்பிடப் போறே?"

"கூப்பிடப் போறதே இல்ல."

"நான் ஒரு வழி கண்டுபிடிச்சுட்டேன். 'வாங்க'ன்னு ஆரம்பிச்சு 'சரிங்க'ன்னு முடிச்சுடறேன். நடுவுல முறை சொல்ல வேண்டியதே வரல. ஒரு வாரமா ஓடுது வண்டி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

"எறங்கு. அது உட்கார்ற இடமில்ல."

இறங்கினான். பலகையைப் பார்த்தான். "இதுல கணு இருக்கே."

"மரம்னா இருக்கும்."

"இல்ல, ஓரமா இருக்கேன்னு பாத்தேன். உடையாது?"

"மேல வர்ற மாதிரி வெச்சா ஒண்ணும் ஆகாது. நீ போய் மெத்தையைப் பாரு."

அப்போது அவள் சொன்னதில் பொய் இல்லை. பாரம் ஏறும்போது சட்டத்தின் மேல் விளிம்பு நெருக்குப்படும், கீழ் விளிம்பு இழுபடும். கணு மேலே இருந்தால் நெருக்கத்தில் இறுகிக்கொள்ளும், ஆயுசுக்கும் கிடக்கும். கீழே இருந்தால் ஒவ்வொரு முறை படுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். தச்சு வேலையில் இது அரிச்சுவடி. அவள் பென்சிலை எடுத்து, கணு இருந்த விளிம்பில் பெரிதாக 'மேல்' என்று எழுதினாள்.

*

மதியத்துக்கு முன்பே டிரைவர் வந்துவிட்டார்.

காலை ஓட்டத்தை முடித்துக்கொண்டு, சீருடையைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தார். ஒரு கையில் பெட்டி, மற்றதில் தண்ணீர்க் குடுவை. பட்டறை வாசலில் பழக்கப்பட்டவர்போலக் குனிந்தார். குனிந்தும் தலை இடித்தது.

"யப்பா," என்றார். தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "நமக்குன்னு இடிக்காத வாசலே கட்ட மாட்டாங்க போல."

மூத்தவள் சிரிக்கவில்லை. பலகையை மேஜையில் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு முனையைப் பிடிக்கட்டுமா, பாப்பா?"

"பாப்பான்னு கூப்பிடாதீங்க."

"சரி. என்னன்னு கூப்பிடறது?"

"கூப்பிடவே வேண்டாம்."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். போகவில்லை. நாளெல்லாம் முறைக்கிற பயணிகளைப் பார்த்துப் பழகிய மனிதர். ஒருத்தி முறைத்தால் நகர்ந்துவிட மாட்டார். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த உளிகளைப் பார்த்தார். உளி அடிக்கும் கொட்டாப்புளியைக் கையில் எடுத்து எடை பார்த்தார். அப்பாவின் கொட்டாப்புளி.

"அதை வெச்சுடுங்க."

வைத்துவிட்டார். "நல்ல கனம்."

அவள் இழைக்கத் தொடங்கினாள். சத்தத்தில் அவர் போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் குரலை உயர்த்திக்கொண்டார்.

"உங்கப்பா வேலையைப் பத்தி உங்கம்மா நிறைய சொல்லியிருக்கா. கதவு செஞ்சா நூல் நுழையாதாமே. கட்டில் ஒண்ணுதான் கொஞ்சம் சின்னதாப் போச்சுன்னு சொல்லிச் சிரிப்பா."

இழைப்புளி பாதி இழுப்பில் நின்றது.

"எப்ப?"

"எது எப்ப?"

"எப்ப சிரிச்சா?"

டிரைவருக்குத் தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது புரிந்தது. "தப்பா ஒண்ணுமில்ல. டெப்போவுல சீட்டுக்கு அளவெடுக்க வருவா இல்ல, அப்ப ஏதோ பேச்சுவாக்குல..."

"அப்பா உயிரோட இருந்தப்பவா, செத்தப்புறமா?"

"ஐயோ, அப்புறம்தான்மா. என்ன பேச்சு இது."

"மாடிப்படி அந்தப் பக்கம்."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். வாசலில் இந்த முறை இடித்துக்கொள்ளவில்லை.

மூத்தவள் அசையாமல் நின்றாள். டெப்போவில், கிழிந்த சீட்டுகளுக்கு நடுவில், அம்மா கையை விரித்துக் கட்டிலின் நீளத்தைக் காட்டுவதும் இந்த மனிதர் தொடை தட்டிச் சிரிப்பதும் கண்முன் வந்து நின்றன. தான் பார்க்காத ஒன்று. ஆனால் பார்த்ததைவிடத் தெளிவாக இருந்தது.

இழைப்புளியை எடுத்து, கணு இருந்த விளிம்பில் ஒரே இழுப்பு இழுத்தாள். 'மேல்' என்ற எழுத்து சுருளோடு சுருளாகத் தரையில் விழுந்தது.

பலகையைப் புரட்டிப் போட்டாள். மறு விளிம்பில் 'மேல்' என்று எழுதினாள்.

நாளைக்கே எதுவும் ஆகாது. அது அவளுக்குத் தெரியும். இரண்டு மாதம், மூன்று மாதம். ஒரு நாள் அந்த மனிதர் புரண்டு படுக்கும்போது படீரென்று விரியும். கட்டில் ஜன்னல் பக்கமாகச் சாயும். ஆறடி உடம்பு மெத்தையோடு தரைக்கு வரும். காலையில் தெருவே வாய் பொத்திச் சிரிக்கும். முக்கால் செய்த கட்டில் நெட்டையைக் கீழே தள்ளிவிட்டது என்று பேசிக்கொள்வார்கள். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

மேல் விளிம்பை உருட்டி இழைத்தாள். கீழ் விளிம்பைச் சதுரமாகவே விட்டாள். முனைகளில் கழுந்து வெட்டினாள். போல்ட்டுக்குத் துளை போட்டாள். உட்புறத்தில் குறுக்குப் பலகைகள் உட்காரும் ரீப்பரை அடித்தாள். கணுவின் கறுப்பு வளையத்தில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பி, காய்ந்ததும் தேய்த்து, மெழுகு போட்டாள். முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும். கட்டிலுக்கு அடியில் யார் படுக்கப் போகிறார்கள்.

வேலை சுத்தமாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

*

பழைய சட்டங்களைக் கழற்றும்போது அம்மா அறையில் இல்லை. புதியவற்றை மாட்டும்போது வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

டிரைவர் தலைமாட்டுப் பலகையைப் பிடித்திருந்தார். சின்னவன் கால்மாட்டுப் பலகையை. மூத்தவள் முழங்காலில் நின்று போல்ட்டுகளை முறுக்கினாள். பழுதில்லாத சட்டம் கதவுப் பக்கம். மற்றது ஜன்னல் பக்கம். கழுந்து துளைக்குள் மூச்சு விடாமல் போய் உட்கார்ந்தது.

"அடடா," என்றார் டிரைவர். "கச்சிதம்."

மூத்தவள் அடுத்த போல்ட்டை முறுக்கினாள்.

"இப்ப ஒரு குடும்பமே படுக்கலாம்," என்றான் சின்னவன்.

"நீ வாயை மூடிட்டு மெத்தையைத் தூக்கு," என்றாள் அம்மா.

மெத்தை வந்து விழுந்தது. டிரைவர் ஜன்னல் பக்க விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு முழுப் பாரத்தையும் கொடுத்தார்.

டிக்.

சின்னச் சத்தம்தான். விரலைச் சொடுக்கியதுபோல.

"என்ன அது?" என்றாள் அம்மா.

"புது மரம்," என்றாள் மூத்தவள். "இடம் பிடிக்கும்."

"பழைய கட்டில் இப்படிச் சத்தம் போட்டதே இல்ல."

"பழைய கட்டில் அளவா இருந்துச்சு. அளவான ஆளுங்க படுத்தாங்க."

அம்மா விரிப்பு எடுக்க அடுத்த அறைக்குப் போனாள். சின்னவன் மெத்தை உறையைச் சுருட்டிக்கொண்டு வண்டிக்கு இறங்கினான்.

டிரைவர் எழுந்தார். கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, தரையில் மல்லாந்து கட்டிலுக்கு அடியில் நுழைந்தார்.

"என்ன பண்றீங்க?"

"வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி அடியில ஒரு தடவை பாத்துடறது. பழக்கம்."

அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வெளிச்சம் சட்டத்தின் அடியோரமாக நகர்ந்தது. ஓர் இடத்தில் நின்றது. அங்கேயே நின்றது.

மூத்தவளின் கையில் ஸ்பானர் இருந்தது. அதைக் கீழே வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். தலைமுடியெல்லாம் மரத்தூள். தட்டிக்கொள்ளவில்லை. சிரிப்பும் இல்லை. அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"வண்டிக்கு அடியில பாரம் தாங்கற வில்லுப்பட்டை இருக்கும்," என்றார். குரல் அடுத்த அறைக்குக் கேட்காத அளவில் இருந்தது. "வெடிப்பு விட்டா எப்பவும் கீழ்ப்பக்கம்தான் விடும். எனக்கு மரம் தெரியாது. அது தெரியும்."

அவள் அடுத்த அறைக் கதவைப் பார்த்தாள்.

"கணுவைச் சுத்தி முடி மாதிரி ஒரு கீறல். உனக்குத் தெரியாம இருக்காது. பூசி மறைச்சிருக்கே."

"போய்ச் சொல்லுங்களேன். யாரு வேண்டாம்னா?"

"சொல்ல மாட்டேன்."

"பெரிய மனுஷத்தனமா?"

"அதெல்லாம் இல்ல." அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இது எனக்குக் குறி வெச்சது. நான் இதுமேலேயே படுத்துக்கறேன். ஒரு ராத்திரிக்கு உடையாது. நாளைக்குக் காலையில நான் வண்டிக்குப் போனதும் கழட்டிச் சரி பண்ணிடு."

"இல்லேன்னா?"

"இல்லேன்னாலும் சொல்ல மாட்டேன். ஆனா மறக்க மாட்டேன். நானும் இந்த வீட்லதான் இருக்கப் போறேன்."

"மிரட்டறீங்களா?"

"நீ வெச்சதுக்கு நான் சொன்னது ரொம்பக் கம்மி."

அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சரி பண்ண அரை மணி வேலை. ரீப்பரைக் கழற்றி மறு விளிம்பில் அடித்து, சட்டத்தைத் தலைகீழாக மாட்டினால் கணு மேலே வந்துவிடும். இப்போதே செய்யலாம். ஆனால் ஏன் என்று அம்மா கேட்பாள். மதியம் முழுக்க இந்த மனிதர் தன்னை வெறுக்கவில்லை என்பது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது வெறுக்கிறார். அதுவும் நிம்மதியாக இல்லை.

அம்மா விரிப்போடு வந்தாள்.

*

விரிப்பை உதறினாள். நான்கு மூலையிலும் இழுத்துச் செருகினாள். பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, ஜன்னல் பக்கமாகவே உட்கார்ந்து, கையை ஊன்றிச் சாய்ந்து, மெதுவாகப் படுத்தாள்.

காலை நீட்டினாள்.

இன்னும் நீட்டினாள். கால்மாட்டுப் பலகையைத் தேடுவதுபோலக் குதிகால் இறங்கிக்கொண்டே போனது. தட்டுப்படவில்லை.

"இடிக்கல," என்றாள். யாரிடமும் இல்லாமல், கூரையைப் பார்த்து.

சின்னவன் மேலே வந்து வாசலில் நின்றிருந்தான்.

"உங்கப்பாவைவிட நான் நாலு விரல் ஒசரம்," என்றாள் அம்மா. "அது யாருக்காவது ஞாபகம் இருக்கா? அந்த மனுஷன் நேரா நீட்டிப் படுப்பார். நான் முட்டியை மடக்கிட்டு, சுவத்தைப் பாத்துட்டு. இத்தனை வருஷமும். முதுகு போனப்ப டாக்டர் என்ன சொன்னார்? நேரா படுக்கணும்னார். நேரா எங்க படுக்கறது? காலை அறுத்து வெச்சுட்டா?"

மூத்தவளின் கையிலிருந்த ஸ்பானர் கனத்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்கிட்டயா?" அம்மா தலையை மட்டும் திருப்பினாள். "இந்தக் கட்டில்ல ஒரு கீறல் விழுந்தா மூணு நாள் பேச மாட்டே. இதுல உங்கப்பன் செஞ்சது சின்னதுன்னு நான் சொல்லணுமா? இன்னிக்குக் காலையில ஆறரை அடின்னு சொன்னேன். யாருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டியா? நீயா ஒரு ஆளை நினைச்சுக்கிட்டே. நீயா குதிச்சே."

"நீ சொல்லல."

"நீ கேக்கல."

ஜன்னலில் திரை அசைந்தது. காற்று அம்மாவின் நெற்றியில் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கு இந்தப் பக்கமே இருக்கட்டும்," என்றாள். "காத்து நல்லா வருது."

"வேண்டாம்," என்றார் டிரைவர்.

அம்மா கண்ணைத் திறந்தாள். "என்ன வேண்டாம்?"

"அது என் பக்கம். நான் வந்ததும் நீதானே சொன்னே? கதவுப் பக்கம் உனக்கு, ஜன்னல் பக்கம் எனக்குன்னு."

"சொன்னேன். இப்ப மாத்திச் சொல்றேன்."

"எனக்கு ஜன்னல் இல்லாமத் தூக்கம் வராது."

"நீங்க பஸ்ஸுல உட்கார்ந்துட்டே தூங்கறவர். உங்களுக்கு எங்க போட்டாலும் தூக்கம் வரும். தெரியாதா எனக்கு?"

"நீ எந்திரி முதல்ல." அவர் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. கையை நீட்டினார். "எந்திரின்னு சொல்றேன் இல்ல?"

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். விளிம்பில். காலைத் தொங்கப் போட்டு.

டிக்.

மூத்தவளின் கண் சட்டத்தின் கீழ் விளிம்புக்குப் போனது.

"வந்த முதல் நாளே இது என் பக்கம், அது உன் பக்கம்னு பிரிக்கிறீங்களா?" அம்மாவின் குரல் நடுங்கியது. அழுகையில் அல்ல. "அவர் குடியிருந்த ரூமுக்கு ஏத்த மாதிரி என்னை மடக்கினார். நீங்க உங்க தூக்கத்துக்கு ஏத்த மாதிரி என்னைத் தள்றீங்க. இதுக்கா நான் ஊர் வாயில விழுந்தேன்? இதுக்கா பெத்த பொண்ணுகிட்டப் பேச்சு வாங்கினேன்?"

"அப்படி இல்ல. நான் சொல்றதைக் கேளு."

"சொல்லுங்க. கேக்கறேன். ஏன் நான் இங்க படுக்கக் கூடாது?"

டிரைவர் வாயைத் திறந்தார். மூத்தவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் படுகிற பாடு அவளுக்குத் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"சும்மாதான்," என்றார்.

"சும்மாவா?"

"ஆமா. எனக்கு வேணும். அவ்வளவுதான்."

"இவ்வளவு நாள் நல்ல மனுஷன் வேஷம் போட்டிருந்தீங்க, இல்ல?" என்றாள் அம்மா. "பெட்டியை இன்னும் பிரிக்கல. அப்படியே தூக்கிட்டுப் போறதானாலும் போங்க."

"அம்மா, ஒரு கட்டில் பக்கத்துக்கு..." என்று ஆரம்பித்தான் சின்னவன்.

"நீ பேசாதே."

டிரைவர் பெட்டியைப் பார்த்தார். அது அலமாரி ஓரத்தில், பூட்டுத் திறக்காமல் நின்றது. அவர் அதை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு நின்றுவிட்டார். போகப் போகிறாரா, இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

காலையிலிருந்து மூத்தவள் வேண்டியது இதுதான். இந்த மனிதர் பெட்டியைத் தூக்க வேண்டும். படி இறங்க வேண்டும். கட்டில் உடையவே தேவையில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஒரு நிமிடம் நின்றால் போதும்.

அம்மா விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். பெல்ட் தளர்ந்து தொங்கியது. இரண்டு உள்ளங்கைகளையும் சட்டத்தின் உருட்டிய விளிம்பில் ஊன்றியிருந்தாள். அதன் வழவழப்பை, தன்னை அறியாமல், விரல்களால் தடவிக்கொண்டிருந்தாள். மகளை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"இந்தக் கட்டிலைப் பத்தி இந்த வீட்ல உன்னைவிடத் தெரிஞ்சவங்க யாருமில்ல. நீயே சொல்லுடி. நான் எந்தப் பக்கம் படுக்கட்டும்?"